கேட்டு வரையச் செய்யும் ஓவியத்துக்கு ஏன் கூடுதல் விலை? தருமபுரி, கிருஷ்ணகிரி ஓவியர்களின் அனுபவப் பகிர்வு

உருவப்பட ஓவியர், தருமபுரி

ஏற்கெனவே வரைந்து மாட்டியிருக்கும் ஓவியத்தைவிட, ஒருவர் கேட்டு வரைந்து கொடுக்கும் ஓவியம் மலிவாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் பக்கத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. போட்டோவை நானே தருகிறேன், அதைப் பார்த்துத்தானே வரையப் போகிறீர்கள், இதில் உங்கள் கற்பனைக்கு என்ன வேலை என்று கேட்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். உருவப்படங்களும் இயற்கைக் காட்சிகளும் வரைந்தே குடும்பம் நடத்துகிற எனக்கு, ஒரே அளவுள்ள இரண்டு ஓவியங்களில் ஆர்டர் ஓவியத்துக்கே விலை கூடுதலாக இருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. என் கணக்கை இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நல்லது.

நானாக வரைந்து வைக்கும் ஓவியத்திலிருந்து தொடங்குகிறேன். நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் பெருக்கி, ஒரு சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று விலை வைப்பது ஓவியர்களிடையே பரவலாக உள்ள முறை. சதுர அங்குலத்துக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 12க்கு 16 அங்குலக் கேன்வாஸ் 192 சதுர அங்குலம். விலை 3,840 ரூபாய். அதே வீதத்தில் 24க்கு 36 அங்குல ஓவியம் 864 சதுர அங்குலமாகி 17,280 ரூபாய்க்குப் போய்விடுகிறது. பெரிய ஓவியம் நான்கரை மடங்கு உழைப்பை வாங்குவதில்லை என்பது தூரிகை பிடித்தவர்களுக்குத் தெரியும். பெரிய பரப்பில் வானத்தை அகலத் தூரிகையால் ஒரே மூச்சில் முடித்துவிடலாம், சின்னப் படத்தில் ஒரு கண்ணுக்கே அரை நாள் போய்விடும். அதனால் நான் நீளத்தையும் அகலத்தையும் பெருக்காமல் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை அங்குல வீதத்தால் பெருக்குகிறேன். என் வீதம் 140 ரூபாய் என்பதால் சிறியது 3,920 ரூபாய், பெரியது 8,400 ரூபாய். ஃபிரேம் தனி. பொருட்செலவும் என் நாள் கூலியும் இந்த வீதத்துக்குள் அடங்குகின்றனவா என்று ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து, தேவையானால் எல்லா ஓவியங்களுக்கும் சேர்த்தே உயர்த்துகிறேன்.

ஆர்டர் ஓவியத்துக்கு இந்தக் கணக்கு அடித்தளம் மட்டுமே. பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பத்தார், இறந்துபோன தந்தையின் படம் பதினாறாம் நாள் காரியத்துக்குள் வேண்டும் என்று வந்தார்கள். அவரைத் தனியாக எடுத்த போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. அவர்கள் கொண்டுவந்தது வங்கிப் பாஸ்புக். அதில் ஒட்டியிருந்த சிறிய படத்தில் இடது கன்னத்தின் மேல் முத்திரை மை படர்ந்திருந்தது. காது சரியாகத் தெரியவில்லை என்றேன். "காதுக்குச் சித்தப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் சார், அச்சு அசல் இதேதான்" என்று, கூட வந்திருந்த பெரியவரை என் எதிரில் உட்கார வைத்தார் மூத்த மகன். மீசை கறுப்பாக இருக்கட்டும் என்றார் அந்த மகன். அப்பாவுக்கு நரைத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, நரையோடு இருந்தால்தான் அது அப்பா என்றார் மகள். தோளில் துண்டு வேண்டுமா வேண்டாமா என்று வேறு ஒரு பேச்சு ஓடியது. ஆயில் பெயின்ட் அந்த நாளுக்குள் காயாது, அக்ரிலிக்கில்தான் முடியும் என்பதை மட்டும் நான் இடையில் சொல்லி வைத்தேன்.

இந்த வேலையையும் என் விருப்பத்துக்கு வரையும் ஏரிக் காட்சியையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஏரிக்கரையில் ஒரு பனைமரம் இரண்டு அங்குலம் தள்ளி நின்றால் யாரும் கேட்கப் போவதில்லை. முகத்தில் மூக்கு ஒரு நூல் தள்ளினாலும் அது வேறொருவர் முகமாகிவிடும். அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஏரிக் காட்சி இந்த ஆண்டு விற்காவிட்டால் அடுத்த ஆண்டு வேறொருவருக்கு விற்கும். ஒருவர் வேண்டாம் என்று விட்டுப்போன அவருடைய தந்தையின் படத்தை இந்த உலகத்தில் வேறு யாரும் வாங்கப் போவதில்லை. அந்த இழப்பு அபாயம் முழுவதும் ஓவியர் தலையில் இருக்கிறது, அதற்கும் சேர்த்துத்தான் விலை.

ஆகவே அடிப்படை விலையோடு, தெளிவில்லாத படத்திலிருந்து முகத்தை உருவாக்குவதற்குக் கால் பங்கு, அவசரத்துக்குக் கால் பங்கு என்று எழுதிக் காட்டினேன். 3,920 ரூபாய் 5,880 ரூபாய் ஆயிற்று. பென்சில் கோடாக இருக்கும்போது இரண்டு முறை திருத்தம் இலவசம், வண்ணம் ஏறிய பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனிக் கட்டணம், பாதித் தொகை முன்பணம் என்பதும் அதே தாளில் இருந்தது. டிஜிட்டல் பிரிண்ட் கடையில் ஃபிரேமோடு சேர்த்தே இதில் ஒரு சிறு பங்கு விலைதானே என்றார் மூத்த மகன். அது போதும் என்றால் அதையே செய்யுங்கள், அதில் குறையொன்றும் இல்லை என்று மனதாரச் சொன்னேன். விலையைக் குறைக்கக் கேட்பவர்களுக்கு அளவைக் குறைத்துக் கொடுப்பேன், வீதத்தைக் குறைப்பதில்லை. 9க்கு 12 அங்குலத்தில், மார்பளவு இல்லாமல் முகமும் கழுத்தும் மட்டும் வரைந்தால் 4,410 ரூபாய் என்றதும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து ஒப்புக்கொண்டார்கள். மீசை விவகாரத்தை அதுவரை வாய் திறக்காத தாய் தீர்த்து வைத்தார்: கறுப்பும் நரையும் கலந்து.

தஞ்சாவூர் ஓவியம் வரைபவர், ஓசூர்

ஐயா சொல்வதை உருவப்படத்தைப் பொறுத்தவரை ஏற்கிறேன். என் தொழிலில் அது அப்படியே பொருந்தாது. ஆலிலைக் கிருஷ்ணன், பட்டாபிஷேகம், கஜலட்சுமி என்று அமைப்பு முன்பே தீர்மானமான படங்களைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். நான் வரைந்து வைத்திருப்பதற்கும் அவர்கள் கேட்டு வரைவதற்கும் இடையில் வேலையில் வேறுபாடு இல்லை என்பதால் விலையிலும் வேறுபாடு வைப்பதில்லை. குலதெய்வத்தின் முகத்தை ஒரு பழைய படத்தைப் பார்த்து வரைய வேண்டும், அல்லது மரபில் இல்லாத ஓர் ஆபரணத்தைச் சேர்க்க வேண்டும் என்றால் மட்டும் கூட்டிச் சொல்கிறேன்.

எனக்குச் சிக்கல் படத்தில் ஒட்டும் மெல்லிய தங்கத் தாளான ரேக்கில்தான். 22 காரட் ரேக்கின் விலை தங்கத்தோடு சேர்ந்து ஏறும். சொன்ன விலையில் படத்தை முடிப்பதற்குள் ரேக்கு விலை கூடிவிட்டால் அந்த வித்தியாசம் என் கூலியிலிருந்துதான் போகும். அதனால் பலகை, துணி, கற்கள், கூலி ஆகியவற்றை ஒரு தொகையாகவும், ரேக்கை மட்டும் தனி வரியாகவும் எழுதி, ரேக்குக்கான பணத்தை ஆர்டர் கொடுக்கும் அன்றே முழுவதும் வாங்கிவிடுகிறேன். அன்றைக்கே ரேக்கை வாங்கி வைத்துவிடுவதால் பிறகு தங்கம் ஏறினாலும் இறங்கினாலும் இருவருக்கும் வழக்கில்லை. செலவைக் குறைக்க, தங்கத்துக்குப் பதில் வேறு பளபளப்புத் தாளை ஒட்டச் சொல்பவர்களுக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் எந்தத் தாள் என்பதைப் படத்தின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுத்தான் கொடுப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓசூரில் இருப்பதால் பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு விலை, உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு விலை என்று வைத்துக்கொள்ளும்படி தெரிந்தவர்களே ஆலோசனை சொல்கிறார்கள். நான் வைப்பதில்லை. கேலரியில் ஒரு விலை, வீட்டில் ஒரு விலை என்பதும் கிடையாது. கேலரிகள் விற்பனை விலையில் 40 முதல் 50 விழுக்காடு வரை எடுத்துக்கொள்வது வழக்கம். 20,000 ரூபாய்க்கு விற்கும் படத்தில் 40 விழுக்காடு போனால் என் கைக்கு 12,000 ரூபாய் வரும். கேலரிதான் இல்லையே என்று வீட்டுக்கு வருபவரிடம் அதே படத்தை 12,000 ரூபாய்க்குக் கொடுத்தால், கேலரி என்னை மறுபடி அழைக்காது. அங்கே 20,000 கொடுத்து வாங்கியவர் என்னை மன்னிக்க மாட்டார். கர்நாடக சித்ரகலா பரிஷத் ஜனவரியில் பெங்களூர் குமார க்ருபா சாலையில் நடத்தும் சித்ர சந்தே என்னும் ஓவியச் சந்தையில், ஓவியர்கள் தெருவோரத்தில் அமர்ந்து நேரடியாக விற்பார்கள். அங்கும் வீட்டிலும் என் விலை 20,000தான். வீட்டில் விற்கும்போது மிஞ்சும் 8,000 ரூபாய் லாபமன்று. படத்தைக் காட்டுவதும், பேசுவதும், பொட்டலம் கட்டுவதும், பெங்களூர் வரை கொண்டு சேர்ப்பதும் என் வேலை ஆகிவிடுவதற்கான கூலி.

சுவரோவியரும் போர்டு எழுதுபவரும், கிருஷ்ணகிரி

2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் பேனர் பரவியதும் போர்டு எழுதும் வேலை சுருங்கிப் போனதால் சுவருக்கு மாறியவன் நான். எங்கள் கணக்கு சதுர அடி. கட்சிச் சின்னமும் கடைப் பெயரும் எழுதிய காலத்து வீதத்தையே சுவரோவியத்துக்கும் கேட்கிறார்கள் என்பதுதான் தொல்லை. வெறும் எழுத்துக்கு ஒரு வீதம், மரம் செடிகளுக்கு ஒரு வீதம், மனித உருவங்களுக்கு ஒரு வீதம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறேன். சாரம் கட்டும் செலவும் பட்டி பார்த்து பிரைமர் அடிக்கும் செலவும் சுவருக்கு உரியவருடையது. சுவரில் ஓதம் இருந்தால் அது காயும் வரை வேலையைத் தொடங்குவதில்லை; அவசரப்பட்டு அடித்த வண்ணம் உரிந்து விழும்போது ஓவியனைத்தான் குறை சொல்வார்கள்.

நான் எழுத வந்தது உரிமை பற்றி. ஒரு தங்கும் விடுதிக்காகச் சுவர் முழுவதும் மாந்தோப்பும் அதன் பின்னால் மலைக்கோட்டையுமாக வரைந்து கொடுத்தேன். பேசிய தொகையைக் குறைவில்லாமல் கொடுத்தார்கள். பின்னர் அதே படம் அவர்களுடைய உணவுப் பட்டியலின் அட்டையிலும், விருந்தினருக்கு விற்கும் பைகளிலும் அச்சாகி வந்தது. கேட்டதற்கு, காசு கொடுத்தாயிற்று, படம் எங்களுடையது என்றார்கள். வழக்கறிஞர் ஒருவரிடம் போனபோது, சட்டமும் அவர்கள் பக்கமே இருப்பதாகச் சொல்லிப் பிரிவையும் படித்துக் காட்டினார்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு, படைத்தவரே முதல் உரிமையாளர் என்று தொடங்குகிறது. ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணம் பெற்றுக்கொண்டு வரையும் ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர் என்று அதே பிரிவு விலக்குச் சொல்கிறது. நாமாக வரைந்து விற்கும் ஓவியத்தில் கேன்வாஸ் மட்டுமே கைமாறும், அச்சிடும் உரிமை நம்மிடமே நிற்கும். மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் ஓவியருக்கு அதிகபட்சம் 10 விழுக்காடு வரை பங்கு கிடைக்க 53ஏ பிரிவு வழி செய்கிறது. அதுவும் முதல் உரிமையாளராக இருந்த ஓவியருக்குத்தான். ஆர்டர் ஓவியத்தில் இவை இரண்டும், எழுதி வைக்காவிட்டால், கையை விட்டுப் போகும். இன்னார் வரைந்தது என்று சொல்லிக்கொள்வதும், நற்பெயர் கெடும்படி படத்தைச் சிதைத்தால் தடுப்பதும் 57ஆம் பிரிவின்படி நம்மிடம் இருக்கும், அவ்வளவே. ஆகவே ஆர்டர் ஓவியத்துக்கு விலை கூட வேண்டும் என்று தருமபுரி நண்பர் சொல்லும் காரணங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் சுவருக்கு ஒரு தொகை, அச்சிட வேண்டுமானால் அதற்கு வேறு தொகை என்று முன்கூட்டியே எழுதி இருவரும் கையெழுத்திடுகிறோம். எந்தப் பொருளில், எத்தனை ஆண்டுகளுக்கு என்பதையும் எழுத வேண்டும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிக்காவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும்.

பள்ளி ஆசிரியை, காவேரிப்பட்டினம்

நான் ஓவியரல்லள், ஓவியம் வாங்கியவள். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுக்கும் காட்சியைப் பள்ளி நூலகத்துக்காக வரைந்து வாங்க வேண்டும் என்று ஆசிரியர்கள் பணம் சேர்த்தோம். முதலில் அணுகிய ஓவியர் மிக நல்லவர். விலை கேட்டபோதெல்லாம் "நீங்கள் பார்த்துக் கொடுங்கள் அம்மா" என்றே சொன்னார். எவ்வளவு கொடுத்தால் அவர் மனம் நோகாது, எவ்வளவு கொடுத்தால் பணம் கொடுத்தவர்கள் என்னைக் கேட்பார்கள் என்று இரண்டு பக்கமும் தவித்து, கடைசியில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன். அடுத்தவர் இரண்டு உருவங்களுக்கு இவ்வளவு, பின்னணியில் அரண்மனை வேண்டுமானால் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தார். மாதிரிக் கோட்டுப்படத்துக்கு ஒரு சிறு கட்டணம் கேட்டார். படம் பிடிக்காவிட்டால் அது திரும்ப வராது, பிடித்தால் மொத்தத்தில் கழிந்துவிடும். எங்கள் பணத்துக்கு அரண்மனை எட்டவில்லை, ஆகவே இருவரும் ஒரு நெல்லி மரத்தடியில் நிற்கிறார்கள். படம் அதனால் அழகாகவே அமைந்தது என்பது என் கருத்து.

ஓவியர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: உறவினருக்கும் நண்பருக்கும் என்ன விலை சொல்கிறீர்கள்?

உருவப்பட ஓவியர், தருமபுரி

அம்மா, "பார்த்துக் கொடுங்கள்" என்பதைப் பணிவு என்று நினைத்துச் சொல்கிறார்கள். வாங்குபவருக்கு அது எவ்வளவு சங்கடம் என்பதை நீங்கள் எழுதியதை எங்கள் பக்கத்து இளைஞர்களுக்குப் படித்துக் காட்டப் போகிறேன். உறவினர் கேள்விக்கு என் வழக்கம் இதுதான்: பில்லில் முழு விலையையே எழுதுவேன். கீழே கழிவு என்று ஒரு வரி, அதற்குக் கீழே அவர்கள் கொடுக்க வேண்டிய தொகை. அக்கா மகள் கல்யாணத்துக்கு வரைந்து கொடுத்த படத்தில் அந்தக் கடைசி வரி சுழியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பில்லைப் பார்த்துவிட்டு வந்த சம்பந்தி வீட்டார், விலை பேசாமல் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கிருஷ்ணகிரி நண்பர் சொன்ன உரிமை வரியை அவர்களுடைய பில்லில் சேர்க்கவில்லை. அடுத்த ஆர்டரிலிருந்து சேர்க்கிறேன். அவர் பயன்படுத்தும் ஒப்பந்த வாசகத்தை, பெயர்களை நீக்கிவிட்டு இங்கே பதிந்தால் எல்லோருக்கும் உதவும்.