"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்"னு மகன் கேட்டா என்ன செய்றது?

ஹவுஸ் சர்ஜன்:
மேல்படிப்புக்கு பாலியேட்டிவ் மெடிசின், அதாவது தீராத நோய்க்காரங்களோட வலியையும் வேதனையையும் தணிக்கிற மருத்துவம், எடுக்கலாம்னு இருக்கேன். முற்றிய கணையப் புற்றுநோய்க்காரர் "எனக்கு என்ன டாக்டர்?"னு கேக்கிறார். மகனோ சொல்லவே கூடாதுங்கிறார். இதை எப்படிக் கையாள்றது?

பாலியேட்டிவ் மருத்துவர்:
முதல்ல வலியைப் பாருங்க. வலியில துடிக்கிறவர்கிட்ட எதைப் பேசியும் பயனில்லை. கடும் வலிக்கான மருந்து மார்ஃபின். அதைப் புதுசா எடுக்கிறவருக்கு வாய்வழியா 5 மி.கி., 4 மணிக்கு ஒருமுறை. வயசானவருக்கு 2.5. சிறுநீரகம் பழுதுன்னா இடைவெளியும் கூடணும். நடுவுல வலி கிளம்பினா, ஒருநாள் மொத்த அளவுல ஆறில் ஒரு பங்கு. மலமிளக்கியை முதல் நாளே எழுதுங்க. இல்லேன்னா மலச்சிக்கல் தாங்காம அவரே மாத்திரையை நிறுத்திடுவார்.

அடுத்து மகன். அவரோட வாதாடாதீங்க. "சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?"னு கேளுங்க. "நானா போய்ச் சொல்ல மாட்டேன், அவர் கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்"னு தெளிவாச் சொல்லிடுங்க.

அப்புறம் நோயாளி பக்கத்துல உட்காருங்க, நின்னுக்கிட்டே பேசாதீங்க. "உடம்புக்கு என்னன்னு இதுவரை என்ன சொல்லியிருக்காங்க? ஸ்கேன் விவரம் உங்களுக்கே தெரியணுமா, பையன்கிட்ட பேசினா போதுமா?" போதும்னா அது அவர் முடிவு, மதிக்கணும். தெரியணும்னா, "நாம நினைச்ச மாதிரி ரிசல்ட் வரலைங்க"ன்னு சொல்லி நிறுத்துங்க. பலரும் தவறுறது இங்கதான். அந்த மௌனத்தைத் தாங்க முடியாம கீமோ, ஸ்டென்ட்னு கொட்டிடுவாங்க. அதிர்ந்துபோனவர் காதுல ஒண்ணும் ஏறாது. அவர் அழுதா அழட்டும். அடுத்த கேள்வி அவர்கிட்டேருந்து வரட்டும். பெய்ல், பக்மன் முதலானோர் 2000-ல வெளியிட்ட, கெட்ட செய்தியைச் சொல்றதுக்கான 'ஸ்பைக்ஸ்' முறையோட வரிசையும் இதுதான்.

வீட்டுப் பராமரிப்பு செவிலியர்:
"இனி செய்றதுக்கு ஒண்ணுமில்லை"ன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, கெஞ்சிக் கேக்கிறேன். அதைக் கேட்ட குடும்பம் திரும்பி வராது. வலி மாத்திரையும் அதோட நின்னுடும். எவ்வளவு நாள்னு கேட்டா தேதி குறிக்காம "மாசக்கணக்கு, வாரக்கணக்கு"ன்னு சொல்லுங்க. ராத்திரி மூச்சுத் திணறினா யாரைக் கூப்பிடணும்னு போன் நம்பரை எழுதிக் கொடுங்க. பேசின விவரத்தைக் கேஸ் ஷீட்லயும் எழுதுங்க. இல்லேன்னா ரவுண்ட்ஸ் வர்ற அடுத்த டாக்டர் வேற மாதிரிப் பேசிடுவார்.

ஹவுஸ் சர்ஜன்:
நன்றி. படிப்புக்கு எந்த வழி?

பாலியேட்டிவ் மருத்துவர்:
பாலியேட்டிவ் மெடிசின்ல எம்.டி. 3 வருஷம், நாட்டுல முதல்ல 2012-ல மும்பை டாடா மெமோரியல்ல தொடங்கினது. அதுல சேர்றதுக்கு முன்னாடி கோழிக்கோடு பாலியேட்டிவ் மெடிசின் இன்ஸ்டிட்யூட்லயோ திருவனந்தபுரம் பாலியம் இந்தியாவிலயோ ஒரு பயிற்சி எடுத்துப் பாருங்க. வேலைக்குச் சேரும்போது, மார்ஃபின் வெச்சுக்க அங்கீகாரம் இருக்கான்னு கேளுங்க. போதைப்பொருள் சட்டத்துல 2014-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் அந்த அங்கீகாரம் வாங்குறது எளிது, ஆனா எத்தனையோ மருத்துவமனைகள் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை.