மேகசின் கழற்றியும் பிஸ்டல் வெடிப்பது எப்படி? கூடவே கேஸ் கன் சந்தேகம்

கொண்டித்தோப்பு:
வணக்கம். பயிற்சி எஸ்.ஐ.க்களுக்கு ஆயுதப் பாதுகாப்பு வகுப்புக்காகக் குறிப்பு எழுதுகிறேன். டூட்டி முடிந்து 9 மி.மீ. பிஸ்டலை ஒப்படைக்கும்போது, மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) கழற்றிய பிறகும் வெடிக்கிறதே, எப்படி? அடுத்தது, கண்ணீர்ப்புகைக் குண்டால் உயிர் போவது எந்தத் தவறினால்?

ஆவடி ஆர்மரர்:
சார், வரிசை மாறுவதுதான் காரணம். மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை (முன்பின் நகரும் மேல் பாகம்) இழுத்தால் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) இருந்த தோட்டா வெளியே விழும். அதைப் பார்த்ததும் காலி என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் ஸ்லைடு முன்னே வரும்போதே அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிவிடும். அப்புறம் மேகசினைக் கழற்றி என்ன பயன்?

நம் இஷாப்பூர் தொழிற்சாலை 9 மி.மீ. பிஸ்டலில் இன்னொன்றும் ஏமாற்றும். மேகசின் இல்லாமல் டிரிகர் வேலை செய்யாது. அமுக்கிப் பார்ப்பார், சுடாது, நிம்மதியாகிவிடுவார். மேகசினைத் திரும்பச் செருகி ஹேமரை (பின்னால் இருக்கும் சுத்தியல்) இறக்க டிரிகரை அமுக்கினால் டமால்.

குழல் மணல் பெட்டியை நோக்கி இருக்கட்டும், விரல் டிரிகருக்கு வெளியே. முதலில் மேகசின். பிறகு சேஃப்டியை எடுத்து (போட்டிருந்தால் ஸ்லைடு நகராது) ஸ்லைடை முழுக்க இழுத்து ஸ்டாப்பில் (ஸ்லைடைப் பின்னாலேயே பிடித்து வைக்கும் கொக்கி) நிறுத்துங்கள். சேம்பரைப் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். இரவில் கண்ணை மட்டும் நம்பவே கூடாது. அப்புறம்தான் ஸ்லைடை விட்டு, காலி மேகசினைச் செருகி, மணலை நோக்கியே டிரிகர். தோட்டாவை எண்ணிப் பதிவேட்டோடு சரிபாருங்கள். ஒன்று குறைந்தால் சேம்பரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

புதுப்பேட்டை:
கிளாக் பிஸ்டலுக்கு மாறுகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லுங்கள் சார். மேகசின் இல்லாவிட்டாலும் அது சுடும். வழக்கமான மாடலில் கட்டைவிரல் சேஃப்டி கிடையாது. துடைக்கப் பிரிப்பதற்கே டிரிகரை அமுக்கியாக வேண்டும். பழைய பிஸ்டல் பழக்கத்தில் பிரித்தால் கை போய்விடும்.

ஓட்டேரி:
கேஸ் கன்னுக்கு (கண்ணீர்ப்புகைக் குண்டு சுடும் துப்பாக்கி) வருகிறேன். 38 மி.மீ. ஷெல்லை (கண்ணீர்ப்புகைக் குண்டு) ஏறக்குறைய 45 டிகிரி மேல்நோக்கி விட்டு, கூட்டத்துக்கு முன்னாலோ ஓரத்திலோ விழச் செய்ய வேண்டும். கூட்டம் நெருங்கிவிட்டது என்று குழலைத் தாழ்த்துவதுதான் உயிரை எடுக்கும் தவறு. நெஞ்சு மட்டத்தில் போனால் ஷெல்லே மண்டையைப் பிளந்துவிடும். தூரம் குறைவென்றால் ஷார்ட் ரேஞ்ச் ஷெல்லை எடுங்கள்.

உள்ளே இருக்கும் சி.எஸ். என்ற கண்ணெரிச்சல் மருந்து உண்மையில் வாயு இல்லை, நுண்ணிய தூள். எரியும் கலவையின் சூட்டில்தான் பரவுகிறது. அதனால் ஷெல் கொதிக்கும், குடிசை பற்றிக்கொள்ளும். சந்து, மாடிப்படி, பஸ் போன்ற இடங்களில் தூள் தங்கி மூச்சை அடைக்கும். கூட்டம் கலைய ஒரு பக்கம் வழி இருக்கிறதா என்று பார்க்காமல் சுடவே கூடாது. மெரினாவில் மதியத்துக்கு மேல் கடற்காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து. காமராஜர் சாலையில் நிற்கும் நம் ஆட்களைத் தாண்டி, திருவல்லிக்கேணி வீடுகளுக்கும் கோஷா ஆஸ்பத்திரிப் பக்கமும் புகை போகும். கைக்குட்டையைத் தூக்கிக் காற்றைப் பாருங்கள்.

கொண்டித்தோப்பு:
நன்றி சார். ரப்பர் குண்டைத் தரையில் அடித்து எகிற விடலாமா?

ஓட்டேரி:
கூடாது. தார்ச்சாலையில் பட்டு எந்தக் கோணத்தில் எகிறும் என்று கணிக்கவே முடியாது, கண்ணில் பாயும். ஐ.நா.வின் 2020 வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: நேராக, காலையோ அடிவயிற்றையோ குறிவைத்து, வன்முறையில் இறங்கிய அந்த ஒரு ஆளை மட்டும். அதுவும் யாருக்காவது உடனடியாகக் காயம் ஏற்படும் நிலை இருந்தால் மட்டுமே. தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச தூரத்தையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.