மறு: ஓவர்கிளாக்கிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பின் நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய மடிக்கணினியைக் குறைந்த செலவில் மேம்படுத்தும் கையேட்டுக்காக, ஓவர்கிளாக்கிங் என்பதற்கு, அதாவது கணினியின் செயலியை (ப்ராசசர்) தயாரிப்பாளர் வகுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்கு, இதுவரை வந்த சொற்பரிந்துரைகளைப் படித்தேன். ஒவ்வொன்றாக வருகிறேன்.

> மிகைக்கடிகாரமாக்கல் என்று வைக்கலாமே.

வேண்டாம். கடிகாரம் என்றதும் மாணவருக்குத் திரையின் மூலையில் தெரியும் நேரம்தான் நினைவுக்கு வரும். அதை மிகையாக்குவது என்றால் என்ன புரியும்? செயலியை நடத்துவது சீரான இடைவெளியில் வரும் மின்துடிப்பு. இயற்பியலில் பல்ஸைத் துடிப்பு என்றே படித்திருக்கிறோம்.

> அதிர்வெண் உயர்த்தல்.

பொருள் சரிதான். ஆனால் நம் அதிர்வெண் இலங்கைப் பாடநூல்களில் மீடிறன். துடிப்பு இரு கரையிலும் துடிப்பே.

> மிகைத்துடிப்பு.

நெருங்கிவிட்டீர்கள். ஆனால் இது ஒரு நிலையைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. கையேட்டில் நாம் எழுதப்போவது பெரும்பாலும் ஏவல் வாக்கியங்கள். 'மிகைத்துடிப்பு செய்யவும்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

என் பரிந்துரை துடிப்பேற்றல். துடிப்பேற்றினார், துடிப்பேற்றிய செயலி, துடிப்பேற்றாதீர்கள் என எல்லா வடிவமும் இயல்பாக வருகின்றன. இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. ஏறு என்பது தன்வினை, ஏற்று என்பது பிறவினை. இந்த வேறுபாடுதான் நமக்கு வேண்டியது.

2011-இல் வந்த திங்க்பேட் டி420 மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். அதில் பரவலாக இருந்த ஐ5-2520எம் செயலியின் அடித்துடிப்பு, அதாவது அடிப்படைத் துடிப்பு வேகம், 100 மெகாஹெர்ட்ஸ்; அதைப் பெருக்கும் எண்ணான பெருக்கி 25; ஆக 2.5 கிகாஹெர்ட்ஸ். வேலை கூடும்போது பெருக்கியைத் தானே உயர்த்திக்கொண்டு 3.2 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். டர்போ எனப்படும் இது துடிப்பேறல். தயாரிப்பாளர் வகுத்த எல்லையைத் தாண்டி நாம் உயர்த்தினால் அது துடிப்பேற்றல். எதிர்ப்பக்கமும் அப்படியே: சூடு தாங்காமல் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் த்ராட்டிலிங் துடிப்பிறங்கல், மின்கலம் நீடிக்க நாமே குறைத்தால் துடிப்பிறக்கல். நான்கும் ஒரே வேரில் நிற்கின்றன.

> துடிப்பேறலும் துடிப்பேற்றலும் குழப்பாதா?

ஏறுவதையும் ஏற்றுவதையும் தமிழர் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஏற்றம், இறக்கம் என்று முடித்தால்தான் வேறுபாடு மறையும். அதனால்தான் அந்த வடிவங்களைத் தவிர்த்தேன்.

கையேட்டின் உள்ளடக்கம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தலைப்பில் துடிப்பேற்றலை முன்னிறுத்துவது வாசகரைத் திசைதிருப்பும். மேற்சொன்ன செயலியின் பெருக்கி நாம் உயர்த்த முடியாதபடி பூட்டப்பட்டது. அடித்துடிப்பை உயர்த்தலாம் என்றால், மற்ற பாகங்களையும் வன்தட்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா ஆகியவற்றின் துடிப்பும் அதிலிருந்தே பிறக்கிறது. சில விழுக்காடு கூட்டினாலே வன்தட்டில் எழுதும் தரவு பழுதாகலாம். அப்படியே கூடினாலும் கிடைப்பது சொற்பம். மின்னழுத்தத்தையும் சேர்த்து உயர்த்தினால் மின்செலவு அந்த அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அத்தனையும் சூடாகி அந்தச் சிறிய விசிறியின் தலையில் விழும்.

பழைய கணினி மெதுவாக ஓடுவதற்கு மிகப் பல நேரங்களில் துடிப்பிறங்கல் ஒரு காரணம். விசிறியைக் கழற்றினால், காற்று வெளியேறும் செப்புத் தகடுகளின் உட்புறத்தில் தூசி கம்பளித் துண்டாகப் படிந்திருக்கும். சூட்டைக் கடத்துவதற்காகச் செயலியின் மேல் தடவிய வெப்பப்பசை காய்ந்து பொருக்காக உதிரும். வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸை எட்டும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. தூசியைத் தட்டிப் புதுப் பசை தடவினால், காசு கொடுத்து வாங்கிய 3.2 கிகாஹெர்ட்ஸ் திரும்பக் கிடைக்கும். அதற்குமேல் கையில் பணம் இருந்தால் வன்தட்டை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி பொருத்தட்டும். அடுத்து, காலியாக உள்ள செருகுவாயில் இன்னொரு டிடிஆர்3 வகை நினைவகம் (ரேம்). ஏழை மாணவருக்கு நாம் சொல்லும் வரிசை இதுவாகத்தான் இருக்க வேண்டும். துடிப்பேற்றல் கடைசி அத்தியாயத்தில், எச்சரிக்கையோடு வரட்டும்.

பெருக்கி, அடித்துடிப்பு, வெப்பப்பசை ஆகியவற்றில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன். செயலிக்குச் செல்லும் மின்னழுத்தத்தைக் குறைக்கும் அண்டர்வோல்ட்டிங்குக்கு 'அழுத்தம் தணித்தல்' என்று வைத்திருக்கிறேன். குருதியழுத்தம் நினைவுக்கு வருவதால் எனக்கே முழு நிறைவில்லை. நல்ல சொல் இருந்தால் தாருங்கள். துடிப்பேறல் முதலிய நான்கையும் ஏற்றால் இரண்டாம் அத்தியாயத்தின் திருத்தத்தை நான் தொடங்குகிறேன்.

அன்புடன்.