உப்புக் கரைசல் சரியாக வருகிறது, ஈர மண் மட்டும் ஏன் பிசகுகிறது?

கேட்டவர்:
பனிநிலைக் கண்ணாடி வைத்த நீரியல் திறன் மானியோடு மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன். (மண் நீரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதே நீரியல் திறன்; தூய நீருக்குச் சுழி, காயக் காயக் கீழிறங்கும்.) கருவியைச் சோதிக்க வைத்த பொட்டாசியம் குளோரைடு உப்புக் கரைசல் (0.5 மோலால், அதாவது ஒரு கிலோ நீரில் 0.5 மோல்) 25 டிகிரியில் அச்சாக −2.22 மெகாபாஸ்கல் காட்டுகிறது. நேற்று நன்றாக நனைத்த, சுழியை ஒட்டி வரவேண்டிய மண்ணோ ஒரு தடவை −0.5, மறு தடவை −0.9! கையில் ஒட்டும் மண் அது.

மறுமொழி 1:
கண்ணாடியில் தூசி படிந்திருக்கும். வாலைவடிநீரால் துடைத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
துடைத்தாயிற்று. மாற்றமில்லை.

மறுமொழி 2:
கண்ணாடி அழுக்கென்றால் உப்புக் கரைசலும் பிசகியிருக்குமே. மண்ணை எப்படி வைக்கிறீர்கள்?

கேட்டவர்:
கிண்ணத்தில் போட்டு, விரலால் அமுக்கி, உடனே உள்ளே வைக்கிறேன். கரைசல் புட்டி எப்போதும் கருவியின் பக்கத்திலேயே இருக்கும்.

மறுமொழி 2:
உங்கள் விரல்தான் குற்றவாளி என்று நினைக்கிறேன்.

கருவி அளப்பது நீரியல் திறனை அல்ல. கண்ணாடியைக் குளிர்வித்து, பனி படியும் வெப்பநிலையிலிருந்து, மண் வைத்த தன் மூடிய அறையின் ஆவி அழுத்தத்தை அறிகிறது. அதை மண்ணின் வெப்பநிலைக்குரிய தெவிட்டிய (அந்த வெப்பநிலையில் காற்று நீரால் நிறைந்தபோது உள்ள) ஆவி அழுத்தத்தால் வகுத்து, விகிதத்தின் இயல் மடக்கையை ஏறத்தாழ 137 மெகாபாஸ்கலால் பெருக்குகிறது. பயிர் வாடும் −1.5 கூட 98.9% ஈரப்பதம்தான். நாம் தேடுவதெல்லாம் அந்தக் கடைசி ஒரு சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

விரல் பட்டு மண் கருவியின் அறையைவிடச் சற்றுச் சூடாக இருந்தால், அதிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த சுவரில் படிந்துவிடும். அறையின் அழுத்தம் சுவரின் தெவிட்டு நிலைக்கு மேல் ஏறாது. வகுப்பதோ சூடான மண்ணின் அழுத்தத்தால். ஒரு டிகிரிக்குச் சுமார் 8 மெகாபாஸ்கல் பிழை; 0.1 டிகிரிக்கு 0.8. உங்கள் எண்கள் அங்கேதான் நிற்கின்றன.

கரைசல் இதைக் காட்டிக்கொடுக்காது. அதன் மேல் ஈரப்பதம் 98.4% மட்டுமே, கால் டிகிரி சூடேறினாலும் சுவரில் ஆவி படியாது. தூய நீரை, மண்ணைப் போலவே கையில் பிடித்திருந்து வைத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். தூய நீரே −0.6! மூடிய கிண்ணத்தைக் கருவியின் அருகில் அரை மணி நேரம் விட்டபின் −0.03. அதேபோல் வைத்த மண் −0.05. இதைக் குறித்துக்கொள்ளலாமா?

மறுமொழி 1:
கண்ணாடியைக் குறை சொன்னது என் அவசரம். ஆனால் −0.05ஐ எழுதிவிடாதீர்கள். தூய நீருக்கே −0.03 வரும்போது அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. இவ்வளவு ஈரத்துக்கு, மண் நீரை இழுக்கும் விசையை நேரடியாக அளக்கும் டென்சியோமீட்டர்தான் சரி. மண் காய்ந்தபின் இந்தக் கருவிக்குத் திரும்புங்கள்.