பாப்பி பூ பின்ன எந்த நூல் எடுப்பது? மழை தாங்குமா?

லெஸ்டர் மருமகள்:
எங்கள் ஊர் நூலகத்தில் கூடும் பின்னல் குழுவில் எல்லோரும் நவம்பர் 11, போரில் இறந்த வீரர்களை இங்கே பிரிட்டனில் நினைக்கும் நாளுக்காக, அதன் அடையாளமான சிவப்புப் பாப்பி பூவைப் பின்னிக்கொண்டிருக்கிறார்கள். நூலக வாசல் கைப்பிடிக் கம்பி முழுக்க வலை கட்டி அதில் கோர்க்கப் போகிறார்களாம், தெருமுனைத் தபால் பெட்டியின் தலைக்கும் பின்னிய தொப்பி ஒன்று உண்டு. என்னையும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இரண்டு ஊசிப் பின்னல் வராது, பள்ளியில் படித்த குரோஷா, அதான் ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னல், மட்டும்தான், அதுவும் மேசை விரிப்புக்கு ஓரம் போடுகிற அளவுக்கு. மற்றவர்கள் பூவோடு சேர்த்து வைத்தால் என்னுடையது தனியாகத் தெரியுமா? ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்புப் பருத்தி நூல் நிறைய கிடக்கிறது, அது போதுமா? சில வாரம் வெளியே மழையில் தொங்கும் என்பதால் கேட்கிறேன். இன்னொன்று, "வெள்ளைக்காரன் ராணுவத்துக்கு நீ ஏன் பூ பின்னுகிறாய்" என்று வீட்டில் ஒரே கிண்டல்.

நூல்கண்டு:
பருத்தி வேண்டாம்மா. சாயம் இறங்கினால் வாசல் சுவரில் சிவப்புக் கோடு கோடாக வழியும், தண்ணீர் குடித்துக் கனத்துத் தொங்கவும் செய்யும். டீகே (நடுத்தரத் தடிமன்) என்று போட்ட அக்ரிலிக், அதாவது செயற்கை இழை நூல் வாங்கு, விலையும் குறைவு, 4 மி.மீ. ஊசி சரியாக இருக்கும். கறுப்பு நூலில் சின்ன வளையம் போட்டு அதைச் சுற்றி ஒரு வரிசை, அப்புறம் சிவப்புக்கு மாறி நான்கு இதழ். இதழின் ஓரத்தில் ஒரே கண்ணுக்குள் இரண்டு மூன்று தையல் நெருக்கிப் போட்டால் தானாகவே நெளிந்து நிற்கும், இஸ்திரி போட்டு அதைத் தட்டையாக்கிவிடாதே. நடுவில் கறுப்புப் பொத்தான் ஒன்று. வீடியோ பார்த்துச் செய்தால் அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்று முதலில் பார், அமெரிக்கர்கள் டபுள் என்கிற தையலுக்கு இங்கே பிரிட்டனில் ட்ரெபிள் என்று பெயர், மாற்றிப் போட்டால் இதழ் குட்டையாகிவிடும். முக்கியமான விஷயம், கடைசியில் நூலை ஒட்ட நறுக்காமல் ஒரு சாண் விடு. வலையில் கட்டுகிறவர்கள் உன்னை வாழ்த்துவார்கள்.

மெல்போர்ன் மாமா:
தனியாகத் தெரிந்தால் என்ன? இங்கே 2013இல் லின் பெர்ரி, மார்கரெட் நைட் என்ற இருவர் போருக்குப் போன தங்கள் அப்பாக்கள் நினைவாகக் குரோஷா பூ போட ஆரம்பித்தார்கள், இலக்கு 5,000. ஊர் ஊராகப் பொட்டலம் வந்து குவிந்ததில் 2015 ஏப்ரலில் ஃபெடரேஷன் சதுக்கத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல் விரித்தார்கள், மறு வருஷம் லண்டன் செல்சி மலர்க் கண்காட்சிக்கும் போயிற்று. பின்னல், குரோஷா, கம்பளித் துணியில் வெட்டித் தைத்தது, எல்லாம் கலந்துதான் கிடந்தன. ஒரே அச்சாக இருந்தால் தொழிற்சாலைப் பூ ஆகிவிடும்.

சும்மா இருப்பவன்:
கிண்டல் செய்தவர் கேட்டது நியாயம்தான். முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து பதிமூன்று லட்சம் பேருக்கு மேல் போனார்கள், கைமாறாகக் கிடைத்தது 1919இல் ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாகும். அந்தப் பூவை என் சட்டையில் குத்த எனக்கு மனசு வராது. பின்னுகிறவர்களைத் தடுக்கவில்லை.

டவுன்ஸ் நடையன்:
தம்பி, நீங்கள் சொன்ன அந்தக் கூட்டத்தில் சுமார் 74,000 பேர் திரும்பவில்லையே, அவர்களை யார் நினைப்பது? இங்கிலாந்தின் தென்கரை ஊரான பிரைட்டனுக்கு மேலே மேட்டில் சத்ரி என்று ஒரு வெள்ளைப் பளிங்கு மண்டபம் இருக்கிறது. அந்தப் போரில் காயம்பட்டு பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்களை எரித்த இடம். ஆடு மேயும் புல்வெளி நடுவே, பஸ் கூட மேலே வராது, ஏறித்தான் போக வேண்டும். அவர்களுக்காக 2018இல் கதர்த் துணியில் பாப்பி செய்து விற்றார்கள். ராணுவ வாடையே வேண்டாம் என்றால் வெள்ளைப் பாப்பி இருக்கிறது, 1933இல் இங்கிலாந்தின் கூட்டுறவுப் பெண்கள் சங்கம் தொடங்கியது, போரில் எந்த நாட்டுக்காரர் செத்தாலும் நினைக்கிற பூ. மருமகள், குழுவில் கேட்டுவிட்டு வெள்ளையும் நாலைந்து கலந்து கொடுங்கள், சில ஊர்களில் அதற்கே சண்டை வரும், கேட்காமல் வைக்க வேண்டாம்.

சும்மா இருப்பவன்:
சத்ரி கேள்விப்பட்டதில்லை. போய்ப் பார்க்கிறேன். சிவப்பு விஷயத்தில் மனசு மாறவில்லை.

லெஸ்டர் மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. அக்ரிலிக் வாங்கிவிட்டேன். வெள்ளை பற்றிக் குழுவில் கேட்கிறேன். மிஞ்சுவதை நூலக மேசையில் வைத்து ஒரு பவுண்டுக்கு விற்கலாம் என்று ஒருவர் சொல்கிறார், செய்யலாமா அக்கா?

நூல்கண்டு:
காட்சிக்கு வைப்பதில் பிரச்சினை இல்லை. விற்பனை என்றால், பாப்பி வைத்து நிதி திரட்டும் படைவீரர் நல அமைப்பான ராயல் பிரிட்டிஷ் லீஜனிடம் முதலில் கேட்கச் சொல், பாப்பி அவர்களுடைய பதிவுச் சின்னம், அவர்கள் பெயரில் பணம் வாங்க அனுமதி வேண்டும். அப்புறம் குழந்தைகள் கை படுகிற உயரத்தில் குண்டூசி வேண்டாம், பொத்தானையும் இறுக்கித் தை.