மறு: ‘தெரிந்துகொள்ளுதல்’ – பிள்ளைகளுக்குப் புரிகிற சொல் ஒன்று வேண்டும்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். மின்சாரம் போவதற்குள் அனுப்பிவிட வேண்டும், அதனால் திருத்திப் பார்க்கவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லுத்தரன் சபையில் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன். ஆறு பிள்ளைகள். வீட்டில் தமிழ், தெருவிலும் பள்ளியிலும் பர்மியம். 1960களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு இங்கே தமிழ் எழுத்து கோயில் திண்ணையிலும் சபைக் கூடத்திலும்தான் உயிர் பிழைத்துக் கிடக்கிறது. எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள், பொருள் பாதிதான் ஏறும்.

போன ஞாயிறு பாடம், தேவன் மனிதரைத் தமக்கென்று எடுத்துக்கொள்வதைப் பற்றியது. பழைய வேதாகமம் அதைத் ‘தெரிந்துகொள்ளுதல்’ என்கிறது. வசனம் யோவான் 15:16. பன்னிரண்டு வயதுப் பெண், கன்னத்தில் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்து இன்னும் காயவில்லை, வரியின் மேல் விரலை நகர்த்தி நகர்த்தி வாசித்தாள்: “நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்.” விரலை எடுக்காமலே நிமிர்ந்து, “டீச்சர், நம்மளப் பத்தி அவருக்கு அப்பத்தான் தெரிஞ்சுதா? முன்னாடி தெரியாதா?” என்றாள். பக்கத்துப் பையன் முந்திக்கொண்டான்: “இல்ல, நமக்குத்தான் அவரத் தெரியலையாம். கோவமாச் சொல்றாரு.”

சரி, மத்தேயு 22:14 கைகொடுக்கும் என்று புரட்டினேன். “அழைக்கப்பட்டவர்கள் அநேகர், தெரிந்துகொள்ளப்பட்டவர்களோ சிலர்.” இன்னும் மோசம். கல்யாணத்துக்கு நிறைய பேரைக் கூப்பிட்டார்கள், அதில் தெரிந்த முகம் கொஞ்சம்தான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் பாப்டிஸ்ட் மிஷனரி ஜட்சன் மொழிபெயர்த்த பர்மிய வேதாகமத்தைத் திறந்தேன். அதில் ‘யுவேகௌ’. யுவே என்றால் தெரிந்தெடு, கௌ என்றால் கீழே கிடப்பதைக் கையால் எடு. உடனே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் இங்கே ஓட்டுப்போடும் தேர்தலுக்கும் அதே சொல்தான், பின்னால் ஒரு ‘புவே’ சேர்த்தால் போதும். பையன் கேட்டான்: “ஆண்டவர் நமக்கு ஓட்டுப் போட்டாரா?”

இந்த உபதேசத்துக்குத் தமிழில் ஒரு பெயர்ச்சொல் வேண்டும். பாடக்குறிப்பின் தலைப்பில் போட வேண்டும், வாக்கியத்தில் சொன்னால் வேறு பொருள் வரக்கூடாது. ‘தேர்தல்’ ஆகாது. ‘தேர்வு’ என்றால் பிள்ளைகளுக்கு வயிறு கலங்கும். ‘முன்குறிப்பு’ புத்தகத்தின் முதல் பக்கத்தில் வருவது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

———

ஸ்தோத்திரம் தங்கச்சி,

மோல்மேனிலிருந்து. வேதத்தில் இருக்கிற சொல்லை ஏன் மாற்ற வேண்டும்? நான் பாப்டிஸ்ட் சபையில் நாற்பது வருஷமாக ‘தெரிந்துகொள்ளுதல்’ என்றுதான் பிரசங்கம் கேட்கிறேன், யாருக்கும் குழப்பம் இல்லை. சொல்லை விளக்குவது டீச்சரின் வேலை. சொல்லை மாற்றினால், பாட்டி வைத்திருக்கிற வேதாகமத்தைப் பிள்ளை திறக்கும்போது அது அந்நியமாகிவிடும்.

மாற்றியே தீர வேண்டும் என்றால் கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் ‘தேர்ந்தெடுத்தார்’ என்று இருக்கிறதே, ‘தேர்ந்தெடுப்பு’ என்று வைத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்குச் சொல் தேடினால் மற்றவர்களுக்கும் ஒரு சொல் தேட வேண்டி வரும். அதையும் இப்போதே யோசித்து வையுங்கள்.

———

மோல்மேன் அண்ணாவுக்கும் யாங்கோன் அக்காவுக்கும் வணக்கம். யாழ்ப்பாணம்.

எங்களிடம் ‘தெரிவு’ உயிரோடுதான் இருக்கிறது. ‘தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார்’ என்று பத்திரிகையில் தினமும் வரும், பாராளுமன்றத்தில் தெரிவுக்குழு இருக்கிறது. உங்கள் பழைய வேதாகமத்தின் ‘தெரி’யும் இதுவேதான். தெரிவு என்று எழுதிப் பாருங்கோ, ‘அறிந்துகொள்’ என்று ஒருவரும் எடுக்க மாட்டினம்.

———

குழுமத்தாருக்கு, மதுரையிலிருந்து ஒரு யோசனை. நான் கிறிஸ்தவன் இல்லை, தமிழுக்காகத்தான் இந்தக் குழுமத்தில் இருக்கிறேன். ‘ஆட்கொள்ளல்’ என்ற சொல் இருக்கும்போது ஏன் அலைகிறீர்கள்? சுந்தரரின் கல்யாணப் பந்தலில் கிழவராக வந்து, ஓலையை நீட்டி, “நீ எனக்கு அடிமை” என்று இறைவன் வழக்குப் பேசியது இதுதானே? மனிதன் தேடிப் போகவில்லை, அவனே வந்து பிடித்தான். தடுத்தாட்கொண்டது.

———

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதே நினைப்புதான், மார்க்கெட்டில் மீன்காரியிடம்கூட ‘தெரிந்தெடுத்துப் போடு’ என்று சொல்லிவிட்டு என்னையே நான் கவனித்தேன்.

மோல்மேன் அண்ணன் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். பழைய மொழிபெயர்ப்பு தவறு செய்யவில்லை. தெரி என்றால் ஆராய்ந்து எடு என்ற பொருள் திருக்குறளிலேயே உண்டு, ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. வேதாகமம் அசையாமல் நின்றது, தமிழ்தான் அதைத் தாண்டி நடந்துபோய்விட்டது. இந்தச் சொல்லுக்கு மட்டும் வந்த கதி அன்று. மத்தேயு 27:3இல் யூதாஸ் ‘மனஸ்தாபப்பட்டு’ முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுவருகிறான். இன்றைக்கு மனஸ்தாபம் என்றால் சம்பந்தி வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லை என்று அர்த்தம். விசுவாசம் நாயிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. “உங்கள் அழைப்பையும் தெரிந்துகொள்ளுதலையும் உறுதியாக்கும்படி ஜாக்கிரதையாயிருங்கள்” என்று பேதுரு எழுதியதைப் பிள்ளைகள் மின்கம்பத்து எச்சரிக்கைப் பலகை மாதிரி வாசிக்கிறார்கள்.

ஆனால் ‘மனந்திரும்புதல்’ தப்பித்துக்கொண்டது. ஏன் என்று யோசித்தேன். அதன் உறுப்புகள் வெளியே தெரிகின்றன. மனம், திரும்பு, இரண்டும் தினசரிச் சொற்கள். வகுப்பில், “சைக்காக்காரர் (சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர்) தப்பான தெருவில் நுழைந்துவிட்டால் என்ன செய்வார்?” என்று கேட்டேன். “திருப்புவார்” என்றார்கள், அவ்வளவுதான், முடிந்தது பாடம். பர்மியத்தில் இதற்கு ‘நௌங்தா’ என்பார்கள், பின்னால் நினைத்து வருந்துவது. வருத்தம் அதில் இருக்கிறது, வண்டியைத் திருப்புவது இல்லை. யூதாஸுக்கும் வருத்தம் இருந்தது. பேதுருவும் மனங்கசந்து அழுதான், ஆனால் அவன் திரும்பி வந்தான். இந்த இடத்தில் தமிழ்ச் சொல் பர்மியச் சொல்லைவிட நன்றாக வேலை செய்கிறது என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

ஆகவே நாம் செய்யும் சொல்லும் பிரித்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

இப்போது ‘தேர்ந்தெடுப்பு’. எனக்கு இதில்தான் பெரிய தடை. ‘தேறற்க யாரையும் தேராது’ என்கிறார் வள்ளுவர். யாரையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதே. ராஜா அதிகாரியை வேலைக்கு எடுக்கும்போது குணம், குலம், குற்றம் எல்லாம் பார்த்து எடுக்க வேண்டும் என்ற அதிகாரத்தில் வருவது. தேர் என்றாலே தகுதி பார்ப்பது கூடவே வந்துவிடுகிறது. வேலைக்கு ஆள் தேர்வு, பள்ளித் தேர்வு, தேறினான், தேறவில்லை. இந்த உபதேசமோ நேர் எதிர்ப்பக்கம். பிள்ளைகள் நன்மை தீமை ஒன்றும் செய்யாததற்கு முன்னே யாக்கோபின் காரியம் தீர்ந்துவிட்டது என்று ரோமர் 9 சொல்கிறது. தகுதி பார்க்காத எடுப்புக்குத் தகுதி பார்க்கும் சொல்லை வைத்தால் பிள்ளை வீட்டுக்குப் போய் என்ன நினைக்கும்? நாம் பாஸ், பக்கத்து வீட்டுக்காரன் ஃபெயில் என்றுதான்.

குறளில் ‘தேறுதல்’ என்றால் நம்புதல். இன்று துக்க வீட்டில் போய்ச் சொல்வதற்கும் அதே பெயர். வள்ளுவரிடம் மனிதன் முதலில் தேர்கிறான், பிறகு தேறுகிறான். இங்கே தேர்கிறவர் ஒருவர், தேறுகிறவர் இன்னொருவர்.

யாழ்ப்பாணத்துத் தம்பியின் ‘தெரிவு’ எனக்குப் பிடித்துவிட்டது. பாட்டியின் வேதாகமத்து வேர் அப்படியே இருக்கிறது, அண்ணனின் கவலை தீரும். ஆனால் ‘தெரிவு செய்யப்பட்டார்’ என்பது ஓட்டிலும் வருகிறதே! தனியே விட்டால் பையன் மறுபடி வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். ஜெர்மன்காரர்களுக்கும் இதே தொல்லை இருந்திருக்கிறது. அவர்கள் மொழியில் ‘வால்’ என்றால் தெரிவு, தேர்தலுக்கும் அதே சொல். (நம் வால் இல்லை.) அதனால் முன்னால் கிருபையைச் சேர்த்து ‘க்னாடன்வால்’ என்றார்கள். நமக்கு அதைப் பார்த்து எழுத வேண்டிய அவசியமும் இல்லை, ரோமர் 11:5இலேயே “கிருபையினாலே உண்டாகும் தெரிந்துகொள்ளுதலின்படி” என்று நம் பழைய வேதாகமம் சொல்லி வைத்திருக்கிறது. அந்த நீளத்தைச் சுருக்கினால்:

கிருபைத்தெரிவு.

யார் எடுத்தார் என்பதைவிட எதனால் எடுத்தார் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தகுதி நுழைய இடமில்லை.

மதுரை ஐயாவின் ‘ஆட்கொள்ளல்’ அழகு, படித்ததும் மெய்சிலிர்த்தது. ஆனால் அது பந்தலில், முகூர்த்த நேரத்தில், எல்லாரும் பார்க்க நடப்பது. எபேசியர் 1:4 சொல்வது ‘உலகத்தோற்றத்துக்கு முன்னே’. ஓலை அதற்கும் முன்னால் எழுதப்பட்டது என்பீர்கள், நியாயம். இருந்தாலும் அந்தச் சொல்லின் கனம் வந்து பிடிக்கும் நொடியில்தான் இருக்கிறது. எங்கள் இரட்சிப்பின் வரிசையில் அது அடுத்த படி, ‘அழைப்பு’. அந்த இடத்துக்கு உங்கள் சொல்லை எடுத்து வைத்துக்கொள்கிறேன், எங்கள் சபை ஐயர் (போதகர்) ஒத்துக்கொண்டால்.

கடைசியாக, மற்றவர்களுக்கு என்ன சொல் என்று அண்ணன் கேட்டது. அங்கேதான் நீங்களும் நானும் பிரிகிறோம், அண்ணா. 1618–19இல் டோர்ட் நகரில் கூடிய கால்வினியச் சங்கம் தெரிவையும், அதில் விடப்பட்டவர்களையும் சேர்த்தே பேசியது, உங்கள் ஜட்சன் வந்த வழியும் அதுதான். லுத்தரன்களின் 1577ஆம் வருஷத்து இணக்க அறிக்கை, பதினோராம் பிரிவில், வேறு மாதிரி கோடு கிழிக்கிறது: முன்னறிவு நல்லது கெட்டது எல்லாவற்றின் மேலும் விரிகிறது, தெரிவு தேவபிள்ளைகளை மட்டும் தொடுகிறது, கெட்டுப்போவதற்கென்று யாரையும் அவர் தெரிந்தெடுக்கவில்லை. அதற்கு மேல் எட்டிப் பார்க்காதே, கிறிஸ்துவைப் பார் என்று நிறுத்திவிடுகிறது. தர்க்கத்துக்கு அது பிடிபடாது, தெரியும். ஆனால் கிருபைத்தெரிவுக்கு எதிர்ச்சொல் கிடையாது என்பது எங்களுக்குக் குறை இல்லை, அதுவே வேண்டும். கோபத்தெரிவு என்று ஒன்று சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒத்துழைக்காது.

———

தங்கச்சி, சொல் நன்றாக இருக்கிறது, உபதேசத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். குயவனுக்கு மண்ணின்மேல் அதிகாரம் உண்டு என்று அதே ரோமர் 9தான் சொல்கிறது, நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். எங்கள் பக்கத்துக்கு ‘தள்ளப்படுதல்’ என்று ஒரு சொல் யோசித்தேன். பெயர்ச்சொல்லாக்கினால் ‘தள்ளுபடி’ ஆகிறது, துணிக்கடைப் பலகை. சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ‘விடுபாடு’ என்று போட்டு வைக்கிறேன், யாராவது இதைவிட நல்லது சொல்லுங்கள்.

———

மதுரை. ஆட்கொள்ளலை அடுத்த படிக்காவது வைத்ததற்கு மகிழ்ச்சி. ஒரு எழுத்து விஷயம்: கிருபையால் ஆன தெரிவு என்று விரியும் தொகை, ஆகவே ஒற்று மிகும். ‘கிருபை தெரிவு’ என்று பிரித்து அச்சிட்டுவிடாதீர்கள். கிருபை வடசொல் ஆயிற்றே, ‘அருள்’ போடலாமே என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அருள் + தெரிவு, ‘அருட்டெரிவு’ ஆகும். சுந்தரரை ஆட்கொண்ட கோயிலே திருவருட்டுறைதான், விதி சரி. ஆனால் இந்தக் காலத்தில் யாரும் அப்படி எழுத மாட்டார்கள், ‘அருட்தெரிவு’ என்று போட்டுவிடுவார்கள், எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். கிருபையே இருக்கட்டும்.

———

யாழ்ப்பாணத்திலிருந்து: ‘அருட்டுறது’ என்றால் எங்களுக்கு உறங்குகிறவனை எழுப்புறது. கிருபையே நல்லது.

———

இன்று வகுப்பு முடிந்து எழுதுகிறேன். கரும்பலகையில் எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டேன்: கிருபை | தெரிவு. அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டு, அடியில் பர்மிய எழுத்தில் தனக்காக ஏதோ குறித்தாள். என்ன என்று கேட்டேன். “மார்க் போடாம எடுத்துக்கிட்டது” என்றாள். ஐயரிடம் காட்டினேன், குறிப்பில் அதையே விளக்கமாகப் போடச் சொல்லிவிட்டார்.

பையனுக்கு மட்டும் தீரவில்லை. ரோமர் 8:30ஐ அவனாகவே புரட்டி வைத்துக்கொண்டு, “டீச்சர், முன்குறித்தாருன்னு இருக்கே, பென்சில்லயா, பேனாவுலயா?”

அதற்கு நாளை தனி இழை தொடங்குகிறேன்.