கலைச்சொல்: சம்பள 'கட்-ஆஃப்' தேதிக்குத் தமிழ் என்ன?

கப்பலூரிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். இங்கே தொழிற்பேட்டையில் ஓர் ஆலைக்கு, புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கான கையேட்டைத் தமிழாக்கித் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிக்கல் ஒரு வரியில்தான். அங்கே வருகைக் கணக்கு 26ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 25ஆம் தேதி முடியும். அந்த 25தான் 'கட்-ஆஃப்' தேதி. மாதக் கடைசியில் சம்பளம் வங்கியில் ஏறும். ஜூன் 27 அன்று சேர்ந்தவருக்கு ஜூன் கடைசியில் ஒன்றும் வராது. அந்த நாட்களையும் சேர்த்து ஜூலைக் கடைசியில்தான் வரும். நான் எழுதிய வரி: "கணக்கு முடிப்பு நாளுக்குப் பின் சேர்வோரின் சம்பளம் நிலுவையாக அடுத்த மாதம் வழங்கப்படும்." இது போதுமா?

திருமங்கலத்திலிருந்து:
தம்பி, இரண்டு சொல்லையும் எடுத்துவிடுங்கள். ஆலைக் கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவன் சொல்கிறேன். 'அவனுக்குக் கணக்கு முடிச்சாச்சு' என்றால் ஆளை வீட்டுக்கு அனுப்பியாச்சு என்று பொருள். சேர்ந்த அன்றைக்கே அதைப் படிக்கிறவர் என்ன நினைப்பார்? 'நிலுவை' அதைவிட மோசம். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்றுதான் படும். அகவிலைப்படி நிலுவைக்கு எத்தனை ஆர்ப்பாட்டம் பார்த்திருக்கிறோம்! இங்கே அப்படி ஒரு பாக்கியும் கிடையாது. ஊதியக் காலம் ஒரு மாதத்துக்கு மிகக்கூடாது, அது முடிந்து 7 நாளுக்குள் பணம் கைக்கு வர வேண்டும் என்றது 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டம். ஆயிரம் பேரும் அதற்கு மேலும் இருந்தால் 10 நாள். 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பு மாதச் சம்பளத்துக்கு அடுத்த மாதம் 7ஆம் நாள் என்று ஒரே கெடுவாக வைத்தது. இந்த ஆலை கெடுவுக்குள்தான் கொடுக்கிறது.

மேலூரிலிருந்து:
'கடைநாள்' என்று வையுங்கள். சுருக்கம், தூய தமிழ். அப்புறம் 'சம்பளம்' எதற்கு? 'ஊதியம்' இருக்கிறதே. சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுத்ததால் சம்பளம் ஆனது என்பார்கள். ஆங்கிலத்தில் சாலரி என்பதும் உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்ததுதான். இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையை ஆராய வேண்டும்.

சோழவந்தானிலிருந்து:
ஐயா, வடமொழியில் சம்பலம் என்றால் வழிநடைக்குக் கட்டிக்கொண்டு போகும் சோறு. சம்பாவையும் உப்பையும் ஒட்டவைப்பது கேட்க இனிமை, அவ்வளவுதான். 'ஊதியம்' குறளில் ஆதாயம் என்ற பொருளில் வருகிறது: "ஊதியம் இல்லை உயிர்க்கு". உழைப்புக்குக் கிடைப்பதை வள்ளுவர் 'மெய்வருத்தக் கூலி' என்கிறார். தூய்மை பார்த்தால் கூலி என்றுதான் எழுத வேண்டும். கையேட்டில் அதை எழுதினால் யார் ஒப்புவார்கள்? இன்னொன்று, 'கடைநாள்' என்பது இறக்கும் நாளையும் குறிக்கும். வேண்டாமே.

வடபழஞ்சியிலிருந்து:
பேசாமல் 'கட்-ஆஃப் தேதி' என்றே விடலாம். பிளஸ் டூ முடித்த எல்லாருக்கும் கட்-ஆஃப் தெரியும்.

திருமங்கலத்திலிருந்து:
தெரிவதுதான் வில்லங்கம். கட்-ஆஃப் மதிப்பெண் எடுக்காதவனுக்கு அந்த இடம் கிடைக்காது, கதை முடிந்தது. அதே நினைப்போடு படிக்கிறவன், 25க்குப் பின் வேலை பார்த்த நாட்களுக்குச் சம்பளமே இல்லை என்று எடுத்துக்கொள்வான். அப்படி அழாத குறையாக என் மேசைக்கு வந்த பிள்ளைகள் உண்டு. வாடகைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு முதல் சம்பளத்தை நம்பியிருப்பார்கள். நாள் வீணாகவில்லை, அடுத்த கணக்கில் சேர்கிறது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

சோழவந்தானிலிருந்து:
அப்படியானால் 'வரம்புநாள்'. வயலில் வரம்பு ஒரு பாத்தியை முடிக்கும், அடுத்த பாத்தியைத் தொடங்கும். இந்தப் பக்கம் சேராதது அந்தப் பக்கம் சேரும்.

மேலூரிலிருந்து:
நல்ல சொல். ஆனால் 'வரப்புயர' என்றல்லவா ஔவை வாக்கு? இரும்பும் பாதையும் சேர்ந்தால் இருப்புப்பாதை, மருந்தும் பையும் சேர்ந்தால் மருத்துப்பை. மென்றொடர் வன்றொடராக, அதாவது நடுவில் உள்ள மெல்லின மெய் வல்லின மெய்யாக, மாறும் இந்த வழியைப் பார்த்தால் 'வரப்புநாள்' அன்றோ வர வேண்டும்?

சோழவந்தானிலிருந்து:
இரும்புக்கடை என்றும்தான் சொல்கிறோம், ஐயா. எல்லா இடத்திலும் மாற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வரப்பு என்றால் மண்ணைத்தான் நினைப்பார்கள். எல்லைக்கு வரம்பு என்பதே வழக்கு.

கப்பலூரிலிருந்து:
மாற்றுக் கருத்து ஓய்ந்த மாதிரி தெரிகிறது. அச்சுக்குப் போகும் வரி இது: "வருகைக் கணக்கின் வரம்புநாள் 25ஆம் தேதி. அதற்குப் பின் சேர்ந்தால், நீங்கள் வேலை பார்த்த எல்லா நாட்களுக்கும் சேர்த்து அடுத்த மாதக் கடைசியில் சம்பளம் வரும்." ஜூன் 27 எடுத்துக்காட்டைக் கட்டம் கட்டிப் போடுகிறேன். பி.எஃப். 12 விழுக்காடு பிடிப்பதையும் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சொன்ன தொகை வரவில்லையே என்று அடுத்த கேள்வி வரும்.

வடபழஞ்சியிலிருந்து:
என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த இரண்டாவது வரியே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. 'வரம்புநாள்' இல்லாமல் "25ஆம் தேதியோடு கணக்கு எடுப்பார்கள்" என்று எழுதினால் என்ன குறை?

மேலூரிலிருந்து:
வரம்புநாளை ஏற்கிறேன், அரை மனதோடு. அடுத்த பக்கத்தில் 'சம்பளப் பட்டுவாடா' என்று இருக்கிறதே, அதை யார் பார்ப்பது?